அலுவலகத் தளத்தைக் காலி செய்த அனுபவம் உங்களுக்கும் உண்டா?

பெரும்பாக்கத்தான்

2021 ஜூலையில், சோழிங்கநல்லூரில் எங்கள் நிறுவனம் வைத்திருந்த மூன்று தளங்களில் இரண்டை உரிமையாளரிடம் ஒப்படைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆட்கள் குறையவில்லை, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலையை முடித்துக் கொடுத்ததால், யாரும் உட்காராத நாற்காலிகளுக்கு வாடகை எதற்கு என்று மேலிடம் கேட்டது. ஆறாவது தளத்தில் மேசை இழுப்பறைகளைத் திறந்து பொருள்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தபோது, ஒன்றில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ்கள் ஒரு கட்டு இருந்தன. 2020 ஏப்ரலில் திருமணம். உறைகளின் மேல் எங்கள் எல்லோருடைய பெயரும் கையால் எழுதப்பட்டிருந்தது. என் பெயரும் இருந்தது. அந்த மேசையில் வேலை பார்த்த, மாப்பிள்ளையான தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஊரிலேயே எளிமையாகத் திருமணம் முடிந்துவிட்டது என்றும், ஒன்றை மட்டும் எடுத்து வைக்குமாறும் சொன்னார். என் பெயர் எழுதிய உறையை நான் வைத்துக்கொண்டேன்.

பெருங்குடி கட்டட உரிமையாளர்

நான் அந்தப் பக்கத்தில் நின்றவன். வங்கிக் கடனில் கட்டிய நான்கு தளங்களையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தேன். மூன்றாண்டு லாக்-இன் காலம், அதாவது வாடகைதாரர் இடையில் காலி செய்ய முடியாத காலம், முடிந்த மறுவாரமே காலி செய்வதாகக் கடிதம் வந்தது. ஒருவரும் விளக்குப் போடாத மாதத்துக்கும் மின்சாரத்துக்கான நிலைக் கட்டணம் வந்ததே, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெற்றுத் தளத்தில் நின்ற மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. பதினான்கு மாதங்கள் கழித்து, தளங்களைத் தடுத்துச் சிறு அறைகளாக்கினேன். முன்பு சதுர அடிக் கணக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டவர்கள், இப்போது சீட் கணக்கில் பதினொரு மாதத்துக்குத்தான் கேட்கிறார்கள்.

சிறுசேரி தரகர்

வீட்டிலிருந்து வேலை செய்வதால்தான் தளங்கள் காலியாயின என்று பெரும்பாக்கத்தான் எழுதியிருப்பது பாதி உண்மை. பழைய மகாபலிபுரம் சாலையில் பல கட்டடங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில், அதாவது ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வரிச் சலுகை தந்து அரசு ஒதுக்கிய பகுதியில், இருப்பவை. அங்கே புதிதாகத் தொடங்கும் அலகுகளுக்கான வருமான வரிச் சலுகை 2020-உடன் முடிந்துபோனது; ஆகவே புதிதாக வருபவர்களுக்கு அங்கே வரக் காரணமில்லை, மண்டலத்துக்கு வெளியே இயங்கும் நிறுவனத்துக்கு அந்த இடத்தைக் கொடுக்கவும் அப்போது வழியில்லை. ஒரு முறை இருபதாயிரம் சதுர அடி கேட்டு அப்படி வெளியே இயங்கும் ஒரு நிறுவனத்தார் நேரிலேயே வந்து நின்றார்கள். மேலே இரண்டு தளங்கள் பூட்டிக் கிடந்தன. வாசலிலேயே கைகூப்பி அவர்களை அனுப்பி வைத்தேன். 2023 டிசம்பரில் விதியைத் திருத்தி, தளம் தளமாக மண்டலத்திலிருந்து விடுவிக்கலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்த பிறகுதான் கதவு திறந்தது. அலுவலக இடத்துக்கான தேவையே இல்லாமல் போய்விட்டது என்று யாரும் எழுத வேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து ஒருத்தி

எங்கள் குழுவில் நூறு பேருக்கு அறுபது சீட். வாரத்தில் மூன்று நாள் வர வேண்டும் என்பது விதி. எல்லோரும் தேர்ந்தெடுப்பது செவ்வாய், புதன், வியாழன். ஒரு புதன்கிழமை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து போய், இடம் கிடைக்காமல், கேன்டீனில் தட்டு கழுவும் சத்தத்துக்கு நடுவே வாடிக்கையாளரிடம் பேசினேன். திங்கள், வெள்ளியில் அந்தத் தளம் எப்படி இருக்கும் என்று அன்று காவலரிடம் கேட்டேன். பத்துப் பேர்கூட வருவதில்லை என்றார்.

குத்தகை எழுதுபவன்

என் சொந்த அனுபவம் சிறியது: 2020-இல் ஒரு வாடகைதாரருக்காக வாடகைத் தள்ளுபடி கேட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பினேன். அதே ஆண்டு மே மாதம், கான் மார்க்கெட் கடை ஒன்றின் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், இடத்தைக் கையில் வைத்திருப்பவர் ஊரடங்கைக் காட்டி வாடகையை நிறுத்த முடியாது என்று சொல்லி, கட்டுவதற்கான கால அவகாசத்தை மட்டும் தளர்த்தியது. பெருங்குடி ஐயா கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: இனி ஒப்பந்தம் எழுதும்போது லாக்-இன் காலத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதித் தளத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டா, அப்படிக் கொடுத்தால் தடுப்புச் சுவருக்கும் தனி மின் மீட்டருக்கும் செலவு யாருடையது, உள்வாடகைக்கு விடலாமா, காலி செய்யும்போது உள் அலங்காரத்தைப் பிரித்தெடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பனவற்றைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை வாடகையைப் பற்றியவை அல்ல, பிரித்தெடுக்கும் செலவைப் பற்றியவையே.

பெரும்பாக்கத்தான்

தரகர் ஐயா சொல்வதை ஏற்கிறேன்; எங்கள் கட்டடம் மண்டலத்துக்கு வெளியே இருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. சென்ற ஆண்டு நாங்களே மீண்டும் இடம் தேடினோம். ஒப்படைத்த தளங்கள் இரண்டிலும் வேறொரு நிறுவனம் இருக்கிறது. கீழே மூன்றாம் தளத்தில், மாத வாடகைக்கு எண்பது சீட் கிடைத்தது.