சாம்பிள் மூன்றாவது தடவையும் சின்னதாகவே வருகிறது, ஸ்வெட்டரைத் தொடங்க முடியவில்லை

சிக்குநூல் | திங்கள் இரவு 10:52

அவசரம். ஸ்வெட்டர் தொடங்குவதற்கு முன்னால் அளவு சரியாக வருகிறதா என்று பார்க்கச் சாம்பிள் துண்டு பின்னினேன். சின்னதாக வருகிறது. அவிழ்த்துவிட்டுத் தளர்வாகப் பின்னிப் பார்த்தேன், அப்படியும் அதேதான். மூன்றாவது தடவையும் போட்டாயிற்று. பேட்டர்னில் சொன்ன நூல், சொன்ன ஊசி, எதையும் மாற்றவில்லை. மூன்று ராத்திரி போய்விட்டது. நூல் எல்லாம் உருண்டையாகச் சுற்றித் தயாராக இருக்கிறது, என்னால்தான் முதல் கண்ணி போட முடியவில்லை. எங்கே தப்பு?

ஊசிமுனை | இரவு 11:05

சின்னது என்றால் எவ்வளவு சின்னது? பேட்டர்ன் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி கேட்கிறது, உங்களுக்கு எத்தனை வருகிறது? என்ன நூல்? ஊசி எத்தனை மி.மீ.? இவை தெரியாமல் யார் பதில் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

மழைக்காலம் | இரவு 11:09

நனைத்தீர்களா? நனைக்காத சாம்பிளை அளக்கவே கூடாது. தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். அப்புறம் தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். பெரிதாகிவிடும் பாருங்கள்.

நான் பட்டவள். சூப்பர்வாஷ் கம்பளியில் நனைக்காத சாம்பிளை நம்பி ஒரு முழு ஸ்வெட்டர் பின்னினேன். முதல் துவைப்பிலேயே ஸ்வெட்டர் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. மெஷின் தாங்க வேண்டும் என்று அந்தக் கம்பளி இழையின் செதில்களை மழுக்கிவிடுகிறார்கள் இல்லையா, இழைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகும்.

மூங்கில் | இரவு 11:20

உலோக ஊசியா மர ஊசியா? அதைச் சொல்லுங்கள் முதலில். ஊசி மாறினால் கையும் மாறும். ஒரே அளவுதான், ஆனால் எனக்கு உலோகத்தில் ஒரு கணக்கு, மூங்கிலில் ஒரு கணக்கு.

பழையகை | இரவு 11:31

வாரத்துக்கு ஒருவர் இதையே கேட்கிறீர்கள், நானும் இதையே எழுதுகிறேன். சாம்பிள் சின்னதாக வந்தால் கை இறுக்கம். கை இறுக்கம் என்றால் பழக்கம் போதவில்லை. ஸ்வெட்டருக்கு வருவதற்கு முன் நாலைந்து மப்ளராவது முடித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் ஊசியைப் பிடித்த மறுவாரமே ஸ்வெட்டர். அப்புறம் பேட்டர்ன் மேல் பழி.

சிக்குநூல் | செவ்வாய் காலை 7:14

மன்னிக்கவும், துண்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். 40 கண்ணி போட்டேன். 22 செ.மீ. வர வேண்டும், 18தான் வருகிறது. நூல் கம்பளி. உலோக ஊசி. பேட்டர்னில் போட்டிருக்கிற அதே எட்டுதான். நனைக்கவில்லை, இப்போது நனைக்கப் போகிறேன்.

பழையகை அக்கா, மப்ளர் ஆறு முடித்திருக்கிறேன்.

ராப்பின்னல் | காலை 7:40

ஊசியின் கூர்முனையிலேயே கண்ணியை உருவாக்குகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். கண்ணியின் அளவை முடிவு செய்வது ஊசியின் பருத்த தண்டு. முனை மெலிந்துகொண்டே போகும் இடம், அங்கேயே கண்ணியை இழுத்து முடித்துவிட்டால் அது சின்னதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கண்ணியையும் தண்டு வரை தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான் இரண்டு வருடம் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். குடும்பத்தில் ஒருவருக்கும் தொப்பி தலையில் ஏறாது.

மூங்கில் | காலை 7:52

உலோகம்! நினைத்தேன்.

ஊசிமுனை | காலை 8:03

ஓரத்திலிருந்து ஓரம் அளக்காதீர்கள். ஓரக் கண்ணிகள் சுருண்டும் இழுத்தும் பொய் சொல்லும். துண்டை மேஜை மேல் வையுங்கள், இழுக்க வேண்டாம். நடுவில் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்துங்கள். ஒரே வரிசையில், இரண்டு குண்டூசிக்கும் நடுவே எத்தனை ‘வி’ இருக்கிறது என்று எண்ணுங்கள், ஒரு ‘வி’ ஒரு கண்ணி. அரை ‘வி’ வந்தால் அதையும் சேருங்கள். அப்புறம், ஸ்வெட்டருக்கு மொத்தம் எத்தனை கண்ணி? உங்கள் மார்பளவு என்ன?

அரைக்கண்ணி | காலை 9:18

எனக்குப் புரியாத ஒரு விஷயம். எதற்கு இந்தச் சாம்பிள்? நான் போடுவதே இல்லை. நேராக ஸ்வெட்டரின் ஒரு கையைத் தொடங்கிவிடுவேன். பத்து செ.மீ. பின்னியதும் அளப்பேன். சரியாக இருந்தால் கை பாதி முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் ஊசியை மாற்றி மறுபடியும் தொடங்குவேன். சாம்பிளுக்குச் செலவாகும் மூன்று ராத்திரி மிச்சம்.

பழையகை | காலை 9:26

கையே சாம்பிள் என்று சொல்லும் ஆட்கள் வந்தாயிற்றா? கை சின்ன வட்டம். நாலு குட்டி ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது விரல் பிடிக்கிற விதம் வேறு, உடம்பின் பெரிய வட்டத்தில் வேறு. கையில் சரியாக வந்த கேஜ், அதாவது 10 செ.மீ.க்கு இத்தனை கண்ணி என்ற கணக்கு, உடம்பிலும் வரும் என்று யார் சொன்னது?

அரைக்கண்ணி | காலை 9:41

வட்டமாகப் பின்னுகிறவர்களுக்கு அது. தட்டையாகப் பின்னி ஓரம் தைப்பவர்களுக்குக் கையும் தட்டைதான், உடம்பும் தட்டைதான். இதில் விரலுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

பழையகை | காலை 9:44

நனைப்பது எப்படி? ஊசியோடு சேர்த்து முக்குவீர்களா?

அரைக்கண்ணி | காலை 9:58

கண்ணிகளை வேறு நிற நூலில் கோர்த்து ஊசியை உருவிவிட்டு நனைப்பேன். காய்ந்ததும் திரும்ப ஊசியில் ஏற்றுவேன். நாற்பது கண்ணிக்கு ஐந்து நிமிட வேலை.

மழைக்காலம் | காலை 10:10

இந்தச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாமே. அவர் துண்டு காய்ந்ததா இல்லையா?

சிக்குநூல் | மதியம் 1:35

காலையில் நனைத்துப் பரப்பினேன். வெயிலோடு காற்றும் இருந்ததால் காய்ந்துவிட்டது. குண்டூசி குத்தி எண்ணினேன். 22. மூன்று இடத்தில் எண்ணினேன், மூன்றிலும் 22. பேட்டர்ன் 18 என்கிறது. முன்பக்கம் 90 கண்ணி, பின்பக்கம் 90. என் மார்பு 92 செ.மீ., ஸ்வெட்டர் 100 வர வேண்டும்.

ராப்பின்னல், தண்டு வரை தள்ளியும் ஒரு சின்னத் துண்டு பின்னினேன். 21½.

ஊசிமுனை | மதியம் 1:50

அப்படியானால் 180 கண்ணி, 10 செ.மீ.க்கு 22. சுற்றளவு 82 செ.மீ.தான் வரும். 92 செ.மீ. மார்பில் அதை ஏற்றினால் மூச்சு விட முடியாது. நல்லவேளை தொடங்கவில்லை.

ஆனால் நாலு கண்ணி வித்தியாசம் என்பது இடிக்கிறது. கை இறுக்கத்தால் ஒன்று வரும், இரண்டு வரும். நாலு வந்தால் நூலோ ஊசியோ வேறு என்று அர்த்தம்.

பழையகை | மதியம் 1:57

இரும்புப்பிடிக் கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

குட்டிஸ்கேல் | மதியம் 2:20

இரண்டு கேள்வி. துண்டை மடித்துவிட்டால் துணி மாதிரித் துவண்டு விழுகிறதா, அட்டை மாதிரி நிற்கிறதா? நூல் உருண்டையின் லேபிளில் ஊசிப் படத்துக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது?

சிக்குநூல் | மதியம் 2:48

நிற்கிறது! மேஜையில் கூரை மாதிரி மடித்து வைத்தேன், அப்படியே நின்றது. என் பெண் அதன் அடியில் பொம்மையைப் படுக்கவைத்துவிட்டாள்.

லேபிளைக் குப்பையிலிருந்து எடுத்தேன். ஊசிப் படத்துக்குப் பக்கத்தில் 5 என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் குழப்பம். லேபிள் 5 என்கிறது, பேட்டர்ன் 8 என்கிறது. பேட்டர்னைத்தானே கேட்க வேண்டும் என்று எட்டை எடுத்தேன். 5ஐ விட 8 பருமன்தானே, அப்படியானால் பெரிதாக அல்லவா வர வேண்டும்?

குட்டிஸ்கேல் | மதியம் 2:55

அந்த எட்டு எங்கே எழுதியிருக்கிறது? புது ஊசியா, பழையதா?

சிக்குநூல் | மாலை 4:02

அத்தையுடைய ஊசிப் பெட்டியில் இருந்தது. சாம்பல் நிற அலுமினியம். ஒரு முனையில் குமிழ், அதன் தலையில் 8 என்று பொறித்திருக்கிறது. மி.மீ. எதுவும் இல்லை.

குட்டிஸ்கேல் | மாலை 4:15

கிடைத்துவிட்டது. உங்கள் கை பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

லேபிளில் இருக்கும் 5 என்பது மி.மீ. பேட்டர்னின் 8 அமெரிக்க எண். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன. அத்தை ஊசியில் இருப்பது பழைய பிரிட்டிஷ் எண். அதில் 8 என்றால் 4 மி.மீ.

பிரிட்டிஷ் முறை தலைகீழ். எண் ஏற ஏற ஊசி மெலியும், கம்பிகளுக்கு எண் போடுகிற அதே முறை. பிரிட்டிஷ் 10 என்றால் 3.25 மி.மீ., 8 என்றால் 4, 6 என்றால் 5. அமெரிக்க முறையில் எண் ஏறினால் ஊசி பருக்கும்: 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5. இரண்டும் 7இல் மட்டும் சந்தித்துக்கொள்ளும், அங்கே இரண்டுக்குமே 4.5 மி.மீ. ஏழாம் எண் பேட்டர்னாக இருந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஊசி அளக்கும் ஓட்டைத் தகடு இல்லாவிட்டால் காகிதம் போதும். மெல்லிய காகிதத்தில் ஒரு விரல் அகலப் பட்டை வெட்டி, ஊசித் தண்டில் இறுக்கமாக ஒரு சுற்று சுற்றுங்கள். விளிம்பு சந்திக்கும் இடத்தில் பென்சிலால் கோடு. விரித்து ஸ்கேலில் வையுங்கள். கிட்டத்தட்ட 12½ மி.மீ. இருந்தால் ஊசி 4 மி.மீ. 15½க்குக் கொஞ்சம் மேலே இருந்தால் 5 மி.மீ.

ராப்பின்னல் | மாலை 4:21

அடடா. என்னிடமும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. இப்போதே போய்ப் பார்க்கிறேன். அந்தத் தொப்பிகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

பழையகை | மாலை 4:30

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஊசி எண்ணை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

ராப்பின்னல் | மாலை 4:33

காலை ஏழேகாலுக்கே ‘எட்டுதான்’ என்று எழுதியிருக்கிறாரே அக்கா. நீங்களும் படித்தீர்கள், நானும் படித்தேன்.

மூங்கில் | மாலை 4:40

அலுமினியத்திலும் கொஞ்சம் பங்கு உண்டு என்பது என் கருத்து.

அரைக்கண்ணி | மாலை 5:05

கவனித்தீர்களா, அவர் பேட்டர்ன் முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி. தட்டைப் பின்னல். முதல் நாளே கையைத் தொடங்கியிருந்தால் 40 கண்ணியில் இதே உண்மை தெரிந்திருக்கும், பின்னியதும் கூடுமானவரை உருப்படியாக இருந்திருக்கும்.

பழையகை | மாலை 5:12

தெரிந்ததும் அவிழ்க்கத்தானே வேண்டும்? அப்போது எங்கே உருப்படி? 4 மி.மீ. ஊசியில் பின்னிய அந்தக் கையை யாருக்கு மாட்டுவீர்கள், பொம்மைக்கா?

மழைக்காலம் | மாலை 5:20

சாம்பிளை அவிழ்க்காதீர்கள் என்பது என் கட்சி. ஸ்வெட்டரோடு சேர்த்தே ஒவ்வொரு தடவையும் துவையுங்கள். பின்னாளில் முழங்கையில் ஓட்டை விழுந்தால் அதே அளவு வெளுத்த நூல் கையில் இருக்கும். புது நூலை வைத்து ஒக்கிட்டால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

ஊசிமுனை | மாலை 5:31

நூல் அளவாக வாங்கியிருந்தால் அந்தத் துண்டும் வேண்டியிருக்கும். கடைசிக் கழுத்துப் பட்டைக்கு நூல் போதாமல் போய், அதே சாய எண் (ஒன்றாகச் சாயம் ஏற்றிய நூலுக்கு லேபிளில் போடும் எண்) கிடைக்காமல் அலைந்தவர்களுக்குத் தெரியும். சிக்குநூல், உங்கள் உருண்டைகளில் சாய எண் எல்லாம் ஒன்றுதானா என்று லேபிள்களைப் பார்த்துவிடுங்கள். குப்பை வெளியே போவதற்கு முன்னால்.

சிக்குநூல் | புதன் இரவு 9:47

காகிதம் சுற்றினேன். 12½. அத்தை பெட்டியில் ஆறாம் எண் ஜோடியும் இருந்தது, சுற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட 16. அதில் பின்னினேன், 19 வருகிறது. துண்டு துவள்கிறது. சாய எண் ஒன்றுதான். எல்லோருக்கும் நன்றி, நாளைக்குக் கண்ணி போடப் போகிறேன்.

ஊசிமுனை | இரவு 9:55

பொறுங்கள். 19 என்றால் 180 கண்ணிக்கு 95 செ.மீ.க்குக் கொஞ்சம் கீழேதான். பேட்டர்ன் 8 செ.மீ. தளர்வு விட்டிருக்கிறது, உங்களுக்கு மூன்றுகூட மிஞ்சாது. உள்ளே ஒரு சட்டை போட்டால் பிடிக்கும். 5.5 மி.மீ. ஊசியில் ஒரு துண்டு பாருங்கள். இல்லாவிட்டால் இதே ஊசியில் 190 கண்ணிக்குப் பக்கமாக வரும் அடுத்த அளவைப் பின்னுங்கள், 100 செ.மீ. வந்துவிடும்.

மழைக்காலம் | இரவு 10:02

அந்த 19 நனைத்த பிறகா, நனைக்கும் முன்னாலா?

குட்டிஸ்கேல் | இரவு 10:06

அதுதான் கேள்வி. நனைத்தால் 18க்கே இறங்கினாலும் இறங்கும்.

மழைக்காலம் | வெள்ளி காலை 8:15

சிக்குநூல்? நனைத்தீர்களா?

அரைக்கண்ணி | வெள்ளி காலை 8:50

கண்ணி போட்டிருப்பார். கையிலிருந்து தொடங்கியிருந்தால் நல்லது.

பழையகை | வெள்ளி காலை 8:52

மறுபடியுமா?