சிட்ரோனின் பழைய சொகுசு இன்றைய சி3, பசால்ட் கார்களில் இருக்கிறதா?

பொருநைக்கரை (அம்பாசமுத்திரம்):
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு முதுகெலும்புத் தேய்மானம். சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகப் பாளையங்கோட்டை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும்போது, வேகத்தடை வருமுன்பே கைப்பிடியைப் பற்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்கிறார். கார் மாற்ற எண்ணுகிறோம். குலுங்காத சவாரி என்றாலே பிரெஞ்சு கார் நிறுவனமான சிட்ரோன் என்ற பெயர் எப்படி வந்தது? இப்போது விற்கும் சி3, பசால்ட் கார்களில் அந்த நுட்பம் உண்மையிலேயே இருக்கிறதா?

பாளை வாத்தியார்:
ஆந்த்ரே சிட்ரோன் 1919-இல் பாரிஸில் கார் தயாரிக்கத் தொடங்குமுன் அம்புமுனை வடிவப் பற்களைக் கொண்ட பற்சக்கரங்களைச் செய்துவந்தார். காரின் முகப்பிலுள்ள இரட்டை அம்புமுனை அந்தப் பற்களின் நினைவுதான். 1934-இல் முன்சக்கர இயக்கம் கொண்ட டிராக்சியோன் அவான் கார் வந்த ஆண்டிலேயே நிறுவனம் நொடித்து, டயர் நிறுவனமான மிஷலின் கைக்குப் போயிற்று.

நீங்கள் கேட்கும் பெயரை ஈட்டித்தந்தவை இரண்டு கார்கள். உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனையோடு குடியானவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட டூசேவோ, 1948-இல் வெளிவந்தது. 1955-இல் வந்த டிஎஸ் காரில் சுருள்வில்லே கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நைட்ரஜன் அடைத்த ஓர் உருண்டை இருந்தது. சக்கரம் மேடேறும்போது எண்ணெய் அந்த வாயுவை அழுத்தும். வாயுவே வில்லாக வேலை செய்யும். இன்ஜினை இயக்கியதும், படுத்திருந்த மாடு எழுவதைப் போலக் கார் மேலெழும்.

அந்த அமைப்பு 2017-இல் பழைய சி5 காரோடு முடிந்துவிட்டது. 2021-இல் இங்கு வந்த சி5 ஏர்கிராஸில் இருப்பது வேறு ஏற்பாடு: வழக்கமான சுருள்வில்லோடு, ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் அதிர்ச்சியைத் தாங்கும் எண்ணெய்த் தடுப்புகள். சி3-இல் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்), பின்னால் டிவிஸ்ட் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கத்தக்க குறுக்குச் சட்டம்). மற்ற சிறிய கார்களில் உள்ளவையே. இயல்பாக மென்மையாகச் சரிசெய்திருப்பதுதான் அதன் சிறப்பு.

தென்காசிச் சாரல்:
சி3 வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் கடையம் சாலையில் சாம்பார்த் தூக்குவாளியைத் துண்டால் இறுக்கிக் கட்டி மடியில் வைத்துக்கொள்ளும் என் அம்மா, இப்போது கட்டாமலே காலடியில் வைக்கிறார். பின்சீட்டு என்றால் பசால்ட்டையும் பாருங்கள். தொடைக்கான தாங்கலை உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் கூரை பின்னால் சரிவதால் உயரமானவர்கள் குனிந்துதான் ஏற வேண்டும். பாதுகாப்பையும் கவனியுங்கள்: 2024-இல் பாரத் என்கேப் என்ற இந்திய மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பசால்ட் நான்கு நட்சத்திரம் பெற்றது, அதே ஆண்டில் குளோபல் என்கேப் என்ற பன்னாட்டு மோதல் சோதனையில் சி3-இன் மின்சார வடிவமான இசி3 பூஜ்யம் பெற்றது.

பொருநைக்கரை:
மிக்க நன்றி. அப்பா எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார்.

பாளை வாத்தியார்:
அது நல்லதே. பின் அச்சுக்கு அருகில் இருப்பவரைவிட, இரு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பவருக்குத் தூக்கிப்போடுவது குறைவு. சோதனை ஓட்டத்தின்போது அவரையே அங்கு அமரவைத்து, வேகத்தடையில் அவர் கை கைப்பிடியை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள்.