பழ ஈயின் மூளை: கிராஃப் தியரி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். எம்.எஸ்சி. கணிதப் புராஜெக்ட்டுக்குப் பழ ஈயின் மூளை இணைப்புகளை எடுத்திருக்கிறேன். 2024 அக்டோபரில் ஃபிளைவயர் என்ற ஆய்வுக் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட இணைப்பு வரைபடம்தான்: சுமார் 1,40,000 நியூரான்கள் (நரம்பு செல்கள்), 5 கோடி சினாப்ஸ்கள் (நியூரான்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் இடங்கள்). உருளைப்புழுவின் 302 நியூரான்களுக்கு 1986இல் வந்த இணைப்பு வரைபடத்தோடு பழகியவனுக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

இதைக் கிராஃபாக, அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக வரைந்தால், நியூரான்தான் முனை (புள்ளி), இணைப்புதான் திசையுள்ள விளிம்பு (அம்புக்குறிக் கோடு), அதுவரை சரி. 5 சினாப்ஸுக்குக் குறைவான இணைப்புகளை அந்த ஆய்வில் விட்டுவிடுகிறார்கள். இந்த வரம்பை மாற்றினால் மும்முனை அமைப்புகளின் (மூன்று முனைகள் தங்களுக்குள் இணைந்திருக்கும் வடிவங்களின்) எண்ணிக்கையும் மாறும். ஒப்பிட உருவாக்கும் ரேண்டம் கிராஃபில் (விளிம்புகளைத் தற்செயலாக அமைத்த கிராஃபில்) ஒவ்வொரு முனைக்கும் உள்வரும், வெளிச்செல்லும் விளிம்புகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்தால் போதுமா, இருதிசை இணைப்புகளையும் (இரு முனைகளுக்கிடையே இரண்டு திசையிலும் விளிம்பு இருப்பதையும்) காக்க வேண்டுமா? நரம்பியல் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

அப்புறம், 16 ஜிபி லேப்டாப்பில் இதற்கெல்லாம் எந்த பைத்தான் லைப்ரரி தாங்கும்?