பொருள்: ஃபிஷிங்: ‘போலி மடல்’ போதுமா?

> ஃபிஷிங்குக்கு ‘போலி மடல்’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வங்கி போன்ற நம்பகமானவராக நடித்துக் கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றைக் கறப்பதுதான் ஃபிஷிங்; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’ போய்ப் பாருங்கள். அனுப்பிய டொமைனை (தளப்பெயரை) சரிபார்க்கும் சோதனைகளான எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே ‘பாஸ்’ என்றிருக்கும் மடலும் ஃபிஷிங்காக இருக்கலாம். வங்கியின் பெயரில் ‘எம்’ வரும் இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப்போட்டு (சிறிய எழுத்தில் ‘எம்’ போலவே தெரியும்) ஒருவன் டொமைன் வாங்கிவிட்டால், அந்த டொமைனுக்கு அவன்தான் சொந்தக்காரன். சோதனை மூன்றிலும் தேறிவிடுவான். மடல் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்வதில்லை. வைத்திருப்பவன் யோக்கியனா என்பது அவற்றின் வேலையல்ல.

அனுப்புநர் முகவரியையே பொய்யாகப் போடுவது ஸ்பூஃபிங். ‘போலி அனுப்புநர்’ அதற்கு இருக்கட்டும். ஃபிஷிங்குக்கு என் ஓட்டு ‘தூண்டில்’. தூண்டிலிட்டார்கள், தூண்டிலில் சிக்கினார் என்று வினையும் தானாக வரும். உள்ளே ‘தூண்டு’ ஒலிப்பதும் வசதிதான்: ‘24 மணி நேரத்தில் கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும்’ என்ற அவசரம்தானே ஆளைக் கவிழ்க்கிறது. குறிப்பிட்ட ஒருவருக்கென்றே எழுதுவது ‘குறித்தூண்டில்’, எஸ்எம்எஸ்ஸில் ‘குறுந்தூண்டில்’, தொலைபேசியில் ‘குரல்தூண்டில்’.

> ‘வலைவீச்சு’?

‘வலை’ ஏற்கெனவே இணையத்தின் ‘வெப்’ என்ற சொல்லுக்குப் போய்விட்டது. தவிர, நம் நாளிதழ்களில் வலைவீசுவது போலீஸ்.

இன்னொருவரின் மறுமொழி:

தூண்டிலுக்குச் சம்மதம். ‘குறுந்தூண்டில்’ சின்னத் தூண்டில் மாதிரி இருக்கிறது; நீளமானாலும் ‘குறுஞ்செய்தித் தூண்டில்’ போதும்.

> ஐடென்டிட்டி தெஃப்ட் = ஆள்மாறாட்டம்

இது கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பிறர் கடவுச்சொல்லை, மின்கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துவது 66சி. கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. தண்டனை இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வங்கி அதிகாரியாக நடித்து ஓடிபி கேட்பது ஆள்மாறாட்டம். அந்த ஓடிபியால் உங்கள் கணக்கில் நுழைவது ‘அடையாளத் திருட்டு’. திருட்டு என்றாலும் பொருள் உங்களிடமேதான் இருக்கும், அதனால்தான் தெரிய நாளாகிறது.

விளக்கக் குறிப்பில் இவற்றையும் சேர்க்கலாம். இணைய முகவரியில் இரட்டைச் சாய்கோட்டுக்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்கவேண்டும்; உண்மையான டொமைன் அங்கேதான் முடிகிறது. வங்கியின் பெயர் முன்னால் எங்கோ இருந்து பயனில்லை. இந்திய வங்கித் தளங்களுக்கு ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற முடிவை ரிசர்வ் வங்கி 2025இல் கொண்டுவந்தது. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளர் தானாக நிரப்பாவிட்டால் கையால் தட்டாதீர்கள். டொமைன் பொருந்தாததால்கூட அது சும்மா இருக்கலாம்.

சிக்கிவிட்டால் முதலில் வங்கிக்கும், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்லவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, கடவுச்சொல்லை நாமே கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை போன பணம் நம் தலையில்; அதற்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு.

கியூஆர் குறியீட்டின் வழி வரும் தூண்டிலுக்குத்தான் சொல் அகப்படவில்லை. அதில் முகவரி கண்ணிலேயே படாது, ஆகவே தனிச்சொல் வேண்டும். ‘கட்டத்தூண்டில்’ எனக்கே பிடிக்கவில்லை.