பார்க் லைட் போட்டதும் 10 ஆம்ப் ஃபியூஸ் போகிறது: ஷார்ட்டை எப்படிப் பிடிப்பது?

கேள்வி (ஹேட்ச்பேக்_2012):
வலது பக்க டெயில் லைட் ஃபியூஸ் மட்டும் ஸ்விட்ச் போட்ட உடனே போய்விடுகிறது. மல்டிமீட்டரை கண்டின்யூட்டியில் (கரண்ட் போக வழி இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, ஃபியூஸ் ஸ்லாட்டுக்கும் பாடிக்கும் பார்த்தால் பீப் அடிக்கிறது. ஆனால் நன்றாக எரிகிற இடது பக்கமும் பீப் அடிக்கிறது! எதை நம்புவது?

வயர்மேன்:
பீப்பை நம்பாதீங்க. எரியாமல் குளிர்ந்திருக்கும் 5 வாட் பல்பின் இழை சில ஓம்ஸ்தான் காட்டும், மீட்டர் அதையே ஷார்ட்டாக எடுத்துக்கொள்ளும். முதலில் அந்தப் பக்கத்து பல்புகள் எல்லாவற்றையும் கழற்றுங்க, நம்பர் பிளேட் பல்பு உட்பட.

பிறகு ஒரு 12 வோல்ட் 21 வாட் பிரேக் பல்பில் இரண்டு வயர் வைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகி ஸ்விட்சைப் போடுங்க. நேர் ஷார்ட்டாக இருந்தாலும் சுமார் 1.75 ஆம்ப்தான் ஓடும், வயர் சூடாகாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அப்படியே எரியவிட்டு, கப்ளர்களை (வயர்களை இணைக்கும் பிளக்குகளை) ஒவ்வொன்றாகக் கழற்றுங்க. எதைக் கழற்றும்போது அணைகிறதோ, பழுது அதற்குப் பின்னால். மங்கலாக எரிந்தால் பயப்பட வேண்டாம், டாஷ்போர்டு மீட்டர் விளக்குகள் இழுக்கிற கரண்டாக இருக்கும்.

டிக்கி_கதவு:
ஹேட்ச்பேக் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது டிக்கி கீல் பக்கத்து ரப்பர் குழாய். கதவு ஏறி இறங்கி உள்ளே வயர் தோல் வெடித்து பாடியில் உரசும். டெஸ்ட் பல்பு எரியும்போது கதவை மெதுவாக ஆட்டுங்க. மினுக்கினால் இடம் அதுதான். அங்கே வெறும் டேப் சுற்றினால் நிற்காது. மடங்குகிற இடத்தில் ஜாயின்ட்டும் போடக்கூடாது, ஈயம் வைத்த இடம் விறைத்து அதன் ஓரத்திலேயே ஒடியும். அதே தடிமனில் வளையக்கூடிய வயரை ரப்பருக்கு இரு பக்கமும் தாண்டி எடுத்துப்போய் ஜாயின்ட் செய்து, ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்க.

ஹேட்ச்பேக்_2012:
நன்றி. டெஸ்டுக்கு எல்இடி பல்பு போதுமா? தற்காலிகமாக 20 ஆம்ப் ஃபியூஸ் போடலாமா?

வயர்மேன்:
எல்இடி வேண்டாம், சின்னக் கசிவுக்கே முழுசாக எரியும். 20 ஆம்ப் கூடவே கூடாது. மெல்லிய டெயில் லைட் வயர் ஃபியூஸுக்கு முன்னால் உருகி, பக்கத்து வயர்களையும் சேர்த்து எரித்துவிடும். வெளிக்கடையில் போட்ட ஸ்டீரியோ இருந்தால், அதன் பின்னால் இல்லுமினேஷன் வயர் (பார்க் லைட் போடும்போது ஸ்டீரியோ விளக்குக்குப் போகும் வயர்) முனை டேப் இல்லாமல் தொங்குகிறதா என்றும் பாருங்க.