தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அம்மாவோடு போனேன்

வேறு நாட்டு அறுவடைப் பண்டிகைக்கு யாராவது போனதுண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் போயிருக்கிறேன், அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு.

என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கர் ஒருவர் இங்கே சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார். அவர்களுடைய அறுவடைப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும். இங்கே அன்றைக்கு லீவு ஏது? சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். (பொங்கலுக்கு நம் கதையும் இதுதானே, விடிகாலையில் அவசரமாகப் பொங்க வைத்துவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓட்டம்.) ஆனால் அம்மா சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார்.

மேசை நடுவில் முழு வான்கோழி. ஐஸ் விடவே ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் கிடந்ததாம், அப்புறம் ஓவனில் மணிக்கணக்கில். வயிற்றுக்குள் ரொட்டித்துண்டு, வெங்காயம், செலரி அடைத்து, மேலே அதன் சாற்றிலேயே செய்த கிரேவி. அம்மாவுக்கு மிஞ்சியது மசித்த உருளைக்கிழங்கு, ரொட்டி, கிரான்பெர்ரி சாஸ். சாஸை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "கல்யாண வீட்டுத் தக்காளிப் பச்சடி மாதிரி இருக்குப்பா" என்று மறுபடியும் வாங்கிக்கொண்டார்.

சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்ல வேண்டும். எல்லாரும் குடும்பம், உடம்பு, வேலை என்று சொல்லிக்கொண்டிருக்க, அம்மா என் காதில், "சூரியனுக்கு ஒண்ணும் படைக்கலையா? மாட்டுக்கு?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, என்னவென்று கேட்டார்கள், சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். அதிலிருந்துதான் பேச்சு வரலாற்றுக்குப் போனது.

1620-இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவுக்குக் குடியேற வந்த 102 பேரில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் போடச் சொல்லிக்கொடுத்தவர் அந்த மண்ணுக்காரரான ஸ்குவாண்டோ. 1621-இல் அறுவடை முடிந்ததும் அவர்கள் குடியேறிய பிளிமத்தில் மூன்று நாள் விருந்து நடந்தது, வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேரோடு வந்து ஐந்து மான் கொடுத்திருக்கிறார். அந்த விருந்தைப் பற்றி கப்பலில் வந்தவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவை வேட்டை உண்டு, வான்கோழி என்ற பேச்சே இல்லை!

ஆண்டுதோறும் நாடு முழுக்க என்று ஆனது அதிபர் லிங்கன் காலத்தில், 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவே. சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர் வருஷக்கணக்கில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941-இல். ஆக விருந்துக்கும் லிங்கன் அறிவிப்புக்கும் நடுவே 242 வருஷம், இரண்டையும் பின்னால்தான் ஒட்டவைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு இப்படியொரு 'முதல் விருந்து' கதை தேவைப்படவில்லை, தை பிறந்தால் புது நெல், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அந்த வீட்டு அம்மா ஒன்று சொன்னார்: 1970 முதல் அதே நாளில் பழங்குடி மக்கள் பிளிமத்தில் கூடித் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள், நிலம் பறிபோனதை நினைத்து. பிள்ளைகள் எதிரிலேயே, பூசி மெழுகாமல் சொன்னார். நாம் இப்படிச் சொல்வோமா தெரியாது.

போகிறவர்களுக்கு ஒன்று: சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரொட்டிக் கலவையைப் பறவைக்குள் அடைக்காமல் தனித் தட்டில் வேகவைத்துத் தருவார்கள், ஆனால் அதில் சிக்கன் ஸ்டாக் ஊற்றாமல் இருக்க அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.