லூசியா ஹாரிஸ்: கல்லூரி ஆட்டத்துக்காக மட்டுமே ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமா?

கேள்வி

வணக்கம். பள்ளி மாணவிகளுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்து வருகிறேன். சென்ற வாரம் 1970-களின் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனை லூசியா ஹாரிஸைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் சரியாக விடையளிக்க இயலவில்லை. கல்லூரிக்குப் பிறகு ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் என்னும் பெண்கள் தொழில்முறை அணியில் 1979-80 பருவத்தில் சிறிது காலம் ஆடியதைத் தவிர, அவருக்குத் தொழில்முறை ஆட்ட வாழ்க்கை என்று ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, 1992-ல் அவரை, கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது எந்த அடிப்படையில்?

மறுமொழி 1

மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள அந்த அமைப்பை, அமெரிக்க ஆண்கள் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்கு உரியது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அது கூடைப்பந்து என்னும் விளையாட்டு முழுமைக்கும் உரியது. கல்லூரி, ஒலிம்பிக், அயல்நாட்டு ஆட்டம் எல்லாமே அங்கே கணக்கில் கொள்ளப்படும். பயிற்சியாளர்களும் நடுவர்களும்கூடச் சேர்க்கப்படுகிறார்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் உங்கள் மாணவியிடம், ஹாரிஸ் கல்லூரியை முடித்த 1977-ல் அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறை லீகே இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் ஆடிய டபிள்யூ.பி.எல். என்னும் பெண்கள் லீக் அதற்கடுத்த ஆண்டின் இறுதியில்தான் தொடங்கியது, 1981-ல் நின்றும்போனது, இன்றைய பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. வந்தது 1997-ல். இல்லாத களத்தில் ஆடவில்லை என்று அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்?

இருந்த களத்தில் அவர் செய்ததைப் பாருங்கள். மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரி 1932-ல் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது; அந்த அணியில் அப்போது ஆடிக்கொண்டிருந்த மார்கரெட் வேட், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கல்லூரி அணியை மீண்டும் அமைத்தபோது அதன் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அவரிடம்தான், மின்டர் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்த, ஆறடி மூன்றங்குல உயரமுள்ள ஹாரிஸ் வந்து சேர்ந்தார். அணியில் அவர் ஒருவர் மட்டுமே கறுப்பினப் பெண். 1975-ல் பெண்கள் கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டத்தின் இறுதிப் போட்டியில், முந்தைய மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்றிருந்த இம்மாகுலேட்டா கல்லூரியை வீழ்த்தியபோது அவர் எடுத்தவை 32 புள்ளிகள். 1976, 1977 பட்டங்களும் டெல்டா ஸ்டேட்டுக்கே. நான்கு ஆண்டுகளில் 2,981 புள்ளிகள், 1,662 ரீபவுண்டுகள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றபோது, அதன் முதல் கூடையைப் போட்டதும் அவரே. அமெரிக்காவுக்கு வெள்ளி கிடைத்தது.

1977-ல் என்.பி.ஏ.வின் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி, புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் ஏழாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது கருவுற்றிருந்த அவர் அந்த அணியின் பயிற்சி முகாமுக்குப் போகவில்லை. இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கோ, ஆண்கள் அணி ஒன்று அழைத்ததைவிட அந்த மூன்று பட்டங்களே அவருடைய பெருமையாகத் தோன்றுகின்றன.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம். இத்தனை சாதித்தவரின் பெயர், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் சாதனைப் பட்டியல்களில் ஏன் தென்படுவதில்லை?

மறுமொழி 3

அக்காலத்தில் பெண்கள் கல்லூரிப் போட்டிகளை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்னும் தனி அமைப்பு. என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான கூடைப்பந்துப் பட்டப் போட்டியை 1982-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆட்டக்காரர்களின் புள்ளிகள் அதன் சாதனைப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டன. 2024-ல் அயோவா பல்கலைக்கழக ஆட்டக்காரர் கெய்ட்லின் கிளார்க் என்.சி.ஏ.ஏ. பெண்கள் புள்ளிச் சாதனையை நெருங்கியபோது, கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுடார்ட் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்தில் எடுத்த 3,649 புள்ளிகளை ஏன் மறந்தீர்கள் என்ற கேள்வி எழுந்ததும் இதனால்தான்.

ஆகவேதான் 1992-ஆம் ஆண்டுத் தேர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்கரெட் வேட் உள்ளிட்ட பெண்கள் 1985-லேயே அங்கே இடம்பெற்றிருந்தாலும், ஆட்டக்காரர் என்ற தகுதியில் சேர்க்கப்பட்ட முதல் பெண்கள் அமெரிக்க ஆட்டக்காரர் நெரா வைட்டும் ஹாரிஸும்தான். பின்னாளில் தம் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் பணிபுரிந்த ஹாரிஸ், 2022 ஜனவரியில் காலமானார். அவர் பள்ளிப் பயிற்சியாளராக இருந்ததையும் உங்கள் மாணவிகளுக்குச் சொல்லுங்கள்.